'கியர்பாக்ஸ் போச்சு'ன்னு சொன்னா உடனே நம்பாதீங்க: பழைய ஹைப்ரிட் கார் வெச்சிருக்கிற வீட்டுக்கு ஒரு கைடு

இன்ஜினியரிங் சேர்ந்த நாளிலிருந்து நம்ம எல்லாருக்கும் நடக்கிற விஷயம் இது. சிவில் படிச்சாலும் சரி, ஐ.டி. படிச்சாலும் சரி, சொந்தக்காரங்க வீட்டு மிக்ஸி ஓடலைன்னா "நீதான் இன்ஜினியரிங் படிக்கிறியே, என்னன்னு பாரு"ன்னு கேட்பாங்க. மிக்ஸின்னா எப்படியாவது சமாளிச்சிடலாம். ஆனா ஒருநாள் மாமாவோ பெரியப்பாவோ ஒரு எஸ்டிமேட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "ஹைப்ரிட் காருக்குக் கியர்பாக்ஸ் முழுசா மாத்தணுமாம், லட்சக்கணக்கில் சொல்றாங்க, என்னடா பண்றது?"ன்னு கேட்டா என்ன சொல்வீங்க?

நம்ம பக்கம் இது நடக்காத கதை இல்லை. வேலூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடின்னு தோல் தொழில் இருக்கிற ஊர்கள் எல்லாம் சென்னை - பெங்களூரு ரூட்டை நம்பித்தான் இருக்கு. பையரைப் பார்க்க, கெமிக்கல் வாங்க, போர்ட் வேலைக்குன்னு வாரத்துல ரெண்டு தடவையாவது என்.எச். 48-ல் வண்டி ஓடும். பெரிய கம்பெனிக்காரங்க புதுசா வாங்கி ஓட்டின கார், சில வருஷம் கழிச்சு ஜாப் ஒர்க் பண்றவங்க கைக்கு செகண்ட்ஹேண்ட்ல வரும். டொயோட்டா காம்ரி ஹைப்ரிட் 2013-ல் இந்தியாவில் வந்தப்போ டெல்லி எக்ஸ்-ஷோரூம் விலை 29.75 லட்சம் ரூபாய். இன்னைக்கு அதே வண்டி அதுல சின்ன பங்குக்குக் கிடைக்குது. இங்கதான் சிக்கல். கார் விலை செகண்ட்ஹேண்ட் ஆயிடும், ஸ்பேர் பார்ட்ஸ் விலை ஆகாது. அது இன்னும் 30 லட்ச ரூபாய் காரோட ஸ்பேர் பார்ட்ஸ்தான்.

அதனால இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். பணம் எங்கிருந்து புரட்டுறதுன்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி, போனது என்னன்னு நிரூபிக்கச் சொல்லுங்க. ஹைப்ரிட்ல 'கியர்பாக்ஸ்'னு சொல்லப்படுற ரிப்பேர்ல பல, கியர் சம்பந்தப்பட்டதே இல்லை.

முதல் கேள்வி: எந்த ஹைப்ரிட்?

பின்னாடி 'ஹைப்ரிட்'னு ஸ்டிக்கர் இருக்கிற எல்லாக் காரும் ஒண்ணு இல்லை.

மாருதி சியாஸ், எர்டிகா இதுலெல்லாம் 2015-லிருந்து வந்த எஸ்.எச்.வி.எஸ். ஒரு மைல்ட் ஹைப்ரிட். ஆல்டர்னேட்டர் இடத்துல பெல்ட் போட்ட ஒரு ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டர், அவ்வளவுதான். கியர்பாக்ஸ் சாதாரண கியர்பாக்ஸ். கிளட்ச் போனா கிளட்ச் பிளேட் மாத்தணும். அதுக்கு யாராவது "ஹைப்ரிட் கியர்பாக்ஸ் சார்"னு விலை ஏத்தினா சிரிச்சிட்டு வெளியே வந்துடுங்க.

2008-ல் வந்த ஹோண்டா சிவிக் ஹைப்ரிட்ல இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல ஒரு மோட்டார், அதுக்கப்புறம் ஸ்டீல் பெல்ட் ஓடுற சி.வி.டி. இதுல பெல்ட், புல்லி, ஸ்டார்ட் கிளட்ச் எல்லாமே தேயும். வண்டி கிளம்பும்போது நடுங்கினா முதல்ல ஆயில் மாத்தி, ஸ்டார்ட் கிளட்ச்சைக் கேலிபரேட் பண்ணிப் பார்க்கணும்.

2010-ல் வந்த டொயோட்டா ப்ரியஸும் 2013 காம்ரி ஹைப்ரிடும் மூணாவது வகை. இங்கதான் பெரிய எஸ்டிமேட் வரும். மீதிக் கட்டுரை இந்த வகையைப் பத்தித்தான்.

உள்ள என்ன இருக்கு?

பேரு இ-சி.வி.டி. ஆனா உள்ள பெல்ட் கிடையாது, புல்லி கிடையாது, கியர் மாத்துற கிளட்சும் கிடையாது. பிளானட்டரி கியரும் ரெண்டு த்ரீ-ஃபேஸ் மோட்டாரும்தான் முக்கியமான பாகங்கள். நடுவுல இருக்கிற சன் கியர்ல எம்ஜி1, கேரியர்ல இன்ஜின், வெளி ரிங் பக்கம் எம்ஜி2-வும் சக்கரமும்.

கே.டி.எம். பேப்பர்ல நாம போட்ட கணக்குதான். ப்ரியஸ்ல சன் கியருக்கு 30 பல், ரிங் கியருக்கு 78 பல். 30 × சன் வேகம் + 78 × ரிங் வேகம் = 108 × கேரியர் வேகம். வண்டி நிக்குது, இன்ஜின் 1,000 ஆர்.பி.எம்.ல ஓடுதுன்னா ரிங் பூஜ்யம், எம்ஜி1 3,600 ஆர்.பி.எம்.ல சுத்தும். எம்ஜி1-ஓட வேகத்தை எலக்ட்ரானிக்ஸ் மாத்துறதே இங்க கியர் மாத்துறது.

இதிலிருந்து மூணு விஷயம் வருது. ஒண்ணு, தனியா ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது, எம்ஜி1-தான் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணும். அதனால 'வண்டி ஸ்டார்ட் ஆகலை'ங்கிறதே டிரான்ஸ்மிஷன் கோளாறா இருக்கலாம். ரெண்டு, ரிவர்ஸ் கியர் கிடையாது, எம்ஜி2 திருப்பிச் சுத்தும். மூணு, நியூட்ரல்ல போட்டாலும் சக்கரம் சுத்தினா எம்ஜி2 சுத்தும், அதுல நிரந்தர காந்தம் இருக்கு, கரண்ட் உற்பத்தியாகும். அதனால ஹைவேயில் வண்டி நின்னுட்டா, முன் சக்கரம் தரையில் இருக்கிற மாதிரி கயிறு கட்டி இழுக்கவே கூடாது. 1033-க்குப் போன் பண்ணுங்க, ஃபிளாட்பெட் வண்டியில் ஏத்தச் சொல்லுங்க.

டேனரி டிரம்மும் காம்ரியும்

நம்ம ஊர்க்காரங்களுக்கு இதைப் புரியவைக்க ஈசியான வழி இருக்கு. டேனரியில் தோலைப் போட்டுச் சுத்துற பெரிய மர டிரம்மைப் பார்த்திருப்பீங்க. அதை ஓட்டுறது ஒரு த்ரீ-ஃபேஸ் மோட்டார். ஈரம், உப்பு, கெமிக்கல், சூடு எல்லாம் சேர்ந்து வருஷக்கணக்கில் வைண்டிங்ல இருக்கிற இன்சுலேஷனை அரிச்சிடும். ஒருநாள் டிரிப் ஆகும். எலக்ட்ரீஷியன் வந்து முதல்ல மெக்கர் வெச்சுப் பார்ப்பார். "பாடி எர்த் ஆகுது, காயில் போச்சு"ம்பார். டிரம்மை மாத்துங்கன்னு சொல்ல மாட்டார்.

காம்ரியில் நடக்கிறதும் பெரும்பாலும் இதேதான். எம்ஜி2-வும் த்ரீ-ஃபேஸ் மோட்டார்தான். பேட்டரி சுமார் 245 வோல்ட். அதை கன்வெர்ட்டர் 650 வோல்ட் வரை ஏத்தி, இன்வெர்ட்டர் வழியா துடிப்பு துடிப்பா அனுப்புது. பல வருஷம் கழிச்சு இன்சுலேஷன் தளர்ந்து கரண்ட் பாடிக்குக் கசிய ஆரம்பிக்கும். சூடு 10 டிகிரி கூடினா இன்சுலேஷன் ஆயுள் பாதியாகும்னு மெஷின்ஸ் பேப்பர்ல ஒரு தோராய விதி படிச்சோமே, வேலூர் மே மாசத்துக்கு அதைப் பொருத்திப் பாருங்க.

கியர் பல் உடைஞ்சா சத்தம் வரும். இன்சுலேஷன் போனா சத்தமே வராது. சிவப்பு முக்கோணமும் 'செக் ஹைப்ரிட் சிஸ்டம்'ங்கிற மெசேஜும்தான் வரும். அதனாலதான் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லி எஸ்டிமேட் போட முடியுது.

கியர்பாக்ஸ் மாதிரியே நடிக்கிற நாலு பேர்

விலை குறைஞ்சதிலிருந்து ஆரம்பிக்கணும்.

முதல் ஆள் சின்ன 12 வோல்ட் பேட்டரி. ஹைப்ரிட்ல எல்லா கம்ப்யூட்டரும் ரிலேயும் இதுலதான் ஓடுது. வண்டி ரொம்ப நாள் நின்னு, இது வீக் ஆனா சம்பந்தமே இல்லாத வார்னிங் எல்லாம் வரும். முதல்ல இதைச் சோதிங்க.

ரெண்டாவது, இன்வெர்ட்டருக்குத் தண்ணி சுத்தவைக்கிற குட்டி எலக்ட்ரிக் பம்ப். இது நின்னா இன்வெர்ட்டர் சூடாகும், வண்டி பவர் குறைக்கும். கோடு பெரும்பாலும் பி0ஏ93. இந்தப் பம்ப்புக்காகவே டொயோட்டா 2012 நவம்பரில் பழைய ப்ரியஸ்களைத் திரும்ப அழைச்சு மாத்திக் கொடுத்தது.

மூணாவது, இன்வெர்ட்டரே. 2014 பிப்ரவரியில் உலகம் முழுக்க சுமார் 19 லட்சம் மூணாம் தலைமுறை ப்ரியஸ் கார்களை டொயோட்டா ரீகால் பண்ணினதுக்குக் காரணம், இந்தப் பகுதியில் இருக்கிற டிரான்சிஸ்டர்கள் அதிக சூட்டில் பழுதாகலாம்ங்கிறதுதான். ஓட்டுறவருக்குத் தெரியறது 'வண்டி இழுக்கலை' மட்டும்தான். ஆனா இது டிரான்ஸ்ஆக்சிலுக்கு வெளியே இருக்கிற ஒரு பெட்டி.

நாலாவது ஆள்தான் நம்ம ஊர் ஸ்பெஷல்: ஏ.சி. கம்ப்ரெஸர். ஹைப்ரிட்ல கம்ப்ரெஸர் பெல்ட்ல ஓடாது, ஹை வோல்டேஜ்ல ஓடும். அதோட மோட்டார் கம்ப்ரெஸர் ஆயிலுக்குள்ளேயே மூழ்கி இருக்கும். அதனால கரண்ட் கடத்தாத ஸ்பெஷல் ஆயில் வேணும், டொயோட்டாவுக்கு என்.டி.-11. வெயில் காலத்துல ரோட்டோரக் கடையில் கேஸ் ஃபில் பண்ணும்போது சாதாரண பி.ஏ.ஜி. ஆயிலை ஊத்திட்டா, கொஞ்ச நாள்ல இன்சுலேஷன் குறைஞ்சு வண்டி அலறும். வர்ற கோடும் மோட்டார் காயில் போனா வர்ற அதே கோடுதான்: பி0ஏஏ6. பலரும் மாட்டிக்கிற இடம் இது.

அந்த மூணு இலக்க நம்பர்

பி0ஏஏ6-ன்னா 'ஹை வோல்டேஜ் எங்கேயோ பாடிக்குக் கசியுது'ன்னு மட்டும்தான் அர்த்தம். எங்கன்னு சொல்றது அதுக்குப் பின்னாடி வர்ற மூணு இலக்க இன்ஃபர்மேஷன் கோடு. இந்தக் காலத்து டொயோட்டா ஹைப்ரிட்களில் 611-ன்னா ஏ.சி. பகுதி, 612-ன்னா பேட்டரி, 613-ன்னா டிரான்ஸ்ஆக்சில், 614-ன்னா நடுவுல இருக்கிற டி.சி. லைன். ரிலேக்களையும் இன்வெர்ட்டரையும் ஒவ்வொண்ணா திறந்து மூடி, எந்த இடத்தைச் சேர்க்கும்போது கசிவு வருதுன்னு கம்ப்யூட்டரே பிரிச்சுப் பார்த்துச் சொல்றது இது.

500 ரூபாய் ப்ளூடூத் ஓ.பி.டி. அடாப்டர் இந்த நம்பரைக் காட்டும்னு நம்பாதீங்க. டொயோட்டாவோட டெக்ஸ்ட்ரீம் மாதிரி சாஃப்ட்வேர் வேணும். சர்வீஸ் சென்டரில் அது இருக்கு. அந்த ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்துக் கேளுங்க. வாய்ல சொன்னா ஒத்துக்காதீங்க.

613 வந்தாக்கூட வேலை முடியலை. அந்தப் பகுதியில் இன்வெர்ட்டரும் சேர்ந்தே வரும். அடுத்து மூணு டெஸ்ட்:

1. ஆயில். டிரான்ஸ்ஆக்சில் ஆயிலைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்க. கருப்பா, கருகின வாசனை வந்தா வைண்டிங் சூடாகியிருக்கு. உலோகத் துண்டு கிடந்தா பேரிங் அல்லது கியர்.

2. மெக்கர். மோட்டார் கேபிளை இன்வெர்ட்டர்லேருந்து கழட்டிட்டு, மோட்டார் பக்கம் மட்டும் 500 வோல்ட்ல பார்க்கணும். மெகாஓம் கணக்கில் வரணும். எவ்வளவுங்கிறது அந்த மாடலோட சர்வீஸ் மேனுவல்ல இருக்கும். கழட்டாம மெக்கர் வெச்சா நல்லா இருக்கிற இன்வெர்ட்டரும் போயிடும்.

3. ஃபேஸ் பேலன்ஸ். யு-வி, வி-டபிள்யூ, டபிள்யூ-யு மூணுக்கும் ரெசிஸ்டன்ஸ் ஒரே மாதிரி இருக்கணும். மில்லிஓம் கணக்குங்கிறதால சாதாரண மல்ட்டிமீட்டர் பத்தாது, மில்லிஓம் மீட்டர் வேணும்.

கோடு பி0ஏ90-ன்னு வந்தா கதை வேற. அது இன்ஜினுக்கும் டிரான்ஸ்ஆக்சிலுக்கும் நடுவுல இருக்கிற டாம்பர், டார்க் லிமிட்டர் மாதிரி மெக்கானிக்கல் பக்கத்தைக் காட்டலாம். டாம்பர் யூனிட்டுக்கு வெளியே இருக்கு. இறக்கி ஏத்துற கூலிதான் அதிகம்.

ஒரு எச்சரிக்கை. இதை நீங்களே வீட்டு வாசல்ல பண்ணிப் பார்க்காதீங்க. ஆரஞ்சு கலர் கேபிள் எல்லாம் உயிரை எடுக்கிற வோல்டேஜ். சர்வீஸ் பிளக்கை எடுத்து, கெப்பாசிட்டர் அடங்க குறைஞ்சது 10 நிமிஷம் காத்திருந்து, 1,000 வோல்ட் கிளவுஸ் போட்டுப் பழகினவங்க செய்யற வேலை. நம்ம வேலை, இந்த டெஸ்ட் நடந்துச்சா, ரீடிங் எங்கன்னு கேட்கிறது.

அடுத்து எல்லாரும் கேட்கிற கேள்வி: "காயில்தானே, ஆம்பூர்லயே கட்டிக் கொடுக்க மாட்டாங்களா?" நம்ம ரீவைண்டிங் கடைக்காரங்க கைத்திறமையில் சந்தேகமே இல்லை. ஆனா அவங்க கட்டுறது 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் சைன் வேவ்ல ஓடுற மோட்டாருக்கு. இது இன்வெர்ட்டர் துடிப்பைத் தாங்கணும், சூடான ஆயில்ல நனைஞ்சுகிட்டே இருக்கணும், ரோட்டர்ல பலமான காந்தம் வேற. சாதாரண எனாமல் கம்பியும் வார்னிஷும் போட்டா ரொம்ப நாள் நிக்காது.

இப்போ பணம்

முதல்ல இன்சூரன்ஸ். சாதாரண பாலிசியில் தேய்மானமும் மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் பிரேக்டவுனும் கவர் ஆகாது. வெள்ளத்தண்ணி உள்ளே போய்ப் பழுதானா, இன்ஜின்-கியர்பாக்ஸ் ஆட்-ஆன் இருந்தா மட்டும் கேட்டுப் பார்க்கலாம். 2022-க்குப் பிறகு வந்த புது ஹைப்ரிட் வெச்சிருக்கிறவங்க கவனிங்க: 8 வருஷம்னு விளம்பரத்துல வர்ற வாரண்டி ஹைப்ரிட் பேட்டரிக்கு. டிரான்ஸ்ஆக்சிலுக்கு எத்தனை வருஷம்னு புக்லெட்டில் தனியாப் பாருங்க.

அடுத்து ஆர்.சி. 2013 வண்டியோட 15 வருஷம் 2028-ல் முடியும். அதுக்கப்புறம் எஃப்.சி. எடுத்து, 5,000 ரூபாய் கட்டணமும் கிரீன் டாக்ஸும் கட்டி, 5 வருஷத்துக்குப் புதுப்பிக்கலாம். ஆக, நீங்க போடப்போற பணம் எத்தனை வருஷத்துக்குன்னு தெரிஞ்சுகிட்டுப் போடணும்.

ஒரு நல்ல செய்தி, 2025 செப்டம்பர் 22-லிருந்து ஆட்டோ பார்ட்ஸ் ஜி.எஸ்.டி. 28%-லிருந்து 18% ஆயிருக்கு. 5 லட்ச ரூபாய் பார்ட்டுக்கு 50,000 ரூபாய் வித்தியாசம். எஸ்டிமேட் பழசா இருந்தா புதுசா வாங்குங்க.

முடிவெடுக்க ஒரு எளிய கணக்கு. ஓடுற நிலையில் வண்டி என்ன விலைக்குப் போகும், ஓடாத நிலையில் என்ன விலைக்குப் போகும். இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ரிப்பேருக்கு உச்ச வரம்பு. உதாரணத்துக்கு, ஓடினா 6 லட்சம், ஓடலைன்னா 2.5 லட்சம்னு வெச்சுக்குவோம். வரம்பு 3.5 லட்சம். புது யூனிட்டுக்கு 7 லட்சம் எஸ்டிமேட் வந்தா யோசிக்கவே வேண்டாம். "போன வருஷம்தான் டயர் மாத்தினேன், பேட்டரி மாத்தினேன்"ங்கிறது இந்தக் கணக்குல வராது. அது போன பணம்.

செகண்ட்ஹேண்ட் யூனிட் கூலியோட 2.5 லட்சம்னு வெச்சுக்குவோம். வரம்புக்குள்ள இருக்கு, ஆனா அவசரப்படாதீங்க. வாரண்டி இல்லாத யூனிட் நாலுல ஒண்ணு ஊத்திக்கும்னு எடுத்துக்கிட்டா, எதிர்பார்க்கும் மதிப்பு 0.75 × 6 + 0.25 × 2.5 = 5.125 லட்சம். செலவு 2.5 போக 2.625 லட்சம். அப்படியே வித்திருந்தா 2.5 லட்சம். இவ்வளவு அலைச்சலுக்கும் லாபம் 12,500 ரூபாய். எழுத்துல வாரண்டி இருக்கா இல்லையாங்கிறதுதான் இங்க எல்லாத்தையும் தீர்மானிக்குது.

கடன்ல போகலாமா? 3 லட்சம், 12% வட்டி, 24 மாசம்னா இஎம்ஐ சுமார் 14,120 ரூபாய். மொத்த வட்டி 39,000-க்குப் பக்கம். வீட்டு நகையை வெச்சாலும் வட்டி வட்டிதான்.

எங்க சொந்தத்துல ஒரு மாமா ஆம்பூர்ல ஷூ அப்பர் ஜாப் ஒர்க் பண்றார். அவரோட காம்ரிக்கு ஒரு இடத்துல முதல்ல பேட்டரி மாத்தணும்னாங்க, அப்புறம் பேட்டரியும் கியர்பாக்ஸும் ரெண்டுமேன்னாங்க. ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கினா 613. மெக்கர்லயும் எம்ஜி2 பாடி எர்த்னு உறுதியாச்சு. பேட்டரி நல்லாத்தான் இருந்துச்சு. அமெரிக்கா 2025 ஆகஸ்ட்டில் இந்தியப் பொருட்களுக்கு வரியை 50% ஆக்கி, ஆர்டர் எல்லாம் தள்ளிப்போன நேரம் அது. தையல் செக்‌ஷன்ல இருக்கிற அக்காங்களுக்கு வாரச் சம்பளம் போடறதா, காருக்குப் போடறதான்னு யோசிச்சு, வண்டியை அப்படியே வித்துட்டார். 'பேட்டரி நல்லா இருக்கு'ங்கிற ரிப்போர்ட்டைக் கையில் வெச்சு விலை பேசினதால, முதல்ல கேட்டதைவிட அதிகம் கிடைச்சது. டெஸ்ட் நல்ல செய்திதான் சொல்லும்னு இல்லை. கெட்ட செய்தியா இருந்தாலும் அதுக்கு ஒரு விலை இருக்கு.

செகண்ட்ஹேண்ட் யூனிட் வாங்கறதுன்னா

வேலூர்லேருந்து ஒரு பக்கம் சென்னை புதுப்பேட்டை, இன்னொரு பக்கம் பெங்களூரு சிவாஜிநகர். ரெண்டுமே பிரிச்சு விக்கிற ஸ்பேர் பார்ட்ஸுக்குப் பேர்போன இடம். ஆனா இந்தியாவில் ப்ரியஸும் காம்ரி ஹைப்ரிடும் குறைவா வித்ததால யூனிட் கிடைக்கிறது கஷ்டம், விலையும் கூட. இலங்கையில் நிலைமை தலைகீழ். அங்க ஜப்பான்லேருந்து ஏராளமா ஹைப்ரிட் இறங்கினதால, கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஹைப்ரிட் பார்ட்ஸ் சகஜம். ஒரே மாதிரி டெக்னாலஜி, ரோட்டுல எத்தனை ஓடுதுங்கிறதை வெச்சு ரிப்பேர் விலை மாறுது.

ஒரு பயம் மட்டும் மனசுல இருக்கட்டும். 2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர்லயும் சென்னை மூழ்கினப்போ, 2021 நவம்பரில் நம்ம பாலாறு கரை புரண்டப்போ, தண்ணியில் நின்ன கார்கள் எல்லாம் ஏதோ ஒரு வழியில் சந்தைக்கு வந்திருக்கும். தண்ணி குடிச்ச டிரான்ஸ்ஆக்சில் வெளியில் பளபளன்னு இருக்கும், இன்சுலேஷன் மட்டும் போயிருக்கும். அதனால பார்ட் நம்பர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகுதான்னு பாருங்க. எந்த வண்டியிலிருந்து எடுத்ததுன்னு சேஸிஸ் நம்பர் கேளுங்க. ஆயிலை மோந்து பாருங்க, பால் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி கலந்திருக்கு. பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி, அங்கேயே மெக்கர் வெச்சுப் பாருங்க. பில்லும் வாரண்டியும் எழுத்துல வாங்குங்க.

கேட்க வேண்டிய மூணு கேள்வி

எஸ்டிமேட் வாட்ஸ்அப்ல வந்ததும் திருப்பி அனுப்ப இந்த மூணு போதும்:

"இன்ஃபர்மேஷன் கோடோட ஸ்கேன் ரிப்போர்ட் பிரிண்ட் கொடுங்க."

"இன்வெர்ட்டரைக் கழட்டி, மோட்டாரை மட்டும் மெக்கர் பண்ணின ரீடிங் என்ன?"

"ஏ.சி. கம்ப்ரெஸரைத் தனியாப் பிரிச்சுப் பார்த்தீங்களா? அதுல என்ன ஆயில் இருக்கு?"

பதில் வந்தா அதுக்கப்புறம் பணத்தைப் பத்திப் பேசலாம். பதில் வரலைன்னா வண்டியை ஃபிளாட்பெட்ல ஏத்தி வேற இடத்துக்கு அனுப்புங்க. மெக்கர் எப்படிப் பிடிக்கிறதுன்னு தெரியாதவங்க ஒருநாள் மெஷின்ஸ் லேப் பக்கம் போய் ஒரு பழைய மோட்டார்ல பார்த்துட்டு வாங்க. சொந்தக்காரங்க அடுத்து எப்போ போன் பண்ணுவாங்கன்னு சொல்ல முடியாது.